மூன்றாம் தாள்

"பொருளையெல்லாம் அடிக்கடி தொலைச்சிடுவீங்களா?" என்று மேடம் கேட்டபோது அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள்.

"பொருளா? நானே ரெண்டு தபா தொலஞ்சி போயிக்கீறேன் மேடம்."

மேடமும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில், நர்ஸ் உடுப்பில், இவள் இன்னும் என்னென்ன சொல்லி என் மானத்தை வாங்கப் போகிறாளோ என்ற பயத்தோடு உட்கார்ந்திருந்தேன். நான் வேலை பார்த்த சென்னை மருத்துவமனை அது. மேடம் அங்கே மனநல மருத்துவர். அண்ணி என் அண்ணனின் மனைவி. விடியலில் எங்கள் தீவு ஊரான பசியாவரத்தில் படகேறி, பழவேற்காட்டில் பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் மாறி, சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்திருந்தாள். ஒரு காலில் அவளுடைய செருப்பு, இன்னொன்றில் என் அம்மாவுடையது.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, எந்த வேலையும் அவள் கையில் வரிசையாக நடக்காது என்று. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு உப்பு கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போவாள். அங்கே கோழி அடைகாப்பதைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். சோறு அடிப்பிடித்த வாசனை தெரு முழுக்க வந்த பிறகு, "ஐயோ" என்று தலையிலடித்துக்கொண்டு ஓடி வருவாள். கையில் உப்பு இருக்காது. துவைத்த துணியில் பாதி கொடியில் தொங்கும், மீதி பக்கெட்டிலேயே நாறும். யாராவது ஒரு சேதி சொல்ல ஆரம்பித்தால் முடிவதற்குள் இவள் வேறொன்றுக்குத் தாவிவிடுவாள். பேசுகிறவர்களுக்குக் கோபம் வரும். அவளுக்கு அது புரியவே புரியாது. பிறகு புரியும், அப்போது அழுவாள்.

"வோணும்னு பண்ணல அத்த" என்பாள் என் அம்மாவிடம்.

"வோணும்னு பண்ணாதவ ஒரு தபா பண்ணுவா, ரெண்டு தபா பண்ணுவா. டெய்லி பண்ணா அதுக்கு இன்னாடி பேரு? திமிரு" என்பாள் அம்மா.

அம்மா கெட்டவள் இல்லை. நைனா செத்த பிறகு நண்டு விற்று எங்கள் இருவரையும் ஆளாக்கியவள். ஒரு பிடி அரிசி கருகினாலும் அவளுக்கு வயிறு எரியும்.

நான் நர்ஸிங் படிக்கும்போது கல்லூரி ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தேன். சேதி கேட்டதும் யாரும் சொல்லாமலே அண்ணி புறப்பட்டு வந்தாள். வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே என்னைத் தேடி, வார்டு வார்டாக விசாரித்து, நான்கு மணி நேரம் கழித்து என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்காக நண்டு ரசம் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். தூக்கைத் திறந்தால் காலி. மூடியைச் சரியாகத் திருகவில்லை; ரயிலிலேயே எல்லாம் கொட்டிவிட்டிருந்தது.

"வாசன கீது பாரு. மோந்துக்கோம்மே" என்று தூக்கை என் மூக்கருகே நீட்டினாள். அந்தக் காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று இரவு முழுக்க என் கட்டிலடியில் படுத்திருந்தாள். எனக்காக அவ்வளவு தூரம் வந்த ஒரே ஆள் அவள்தான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

தண்ணீரில் இறங்கினால் மட்டும் அவள் வேறு ஆள். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஏரியில் கையால் இறால் பிடிப்பவர்கள். இடுப்பளவு நீரில் குந்தி, பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் போக வேண்டும். கெளுத்தி முள் குத்தும், கிளிஞ்சல் கிழிக்கும். நானெல்லாம் அரை மணி நேரத்தில் கரையேறிவிடுவேன். அண்ணி ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் நிமிரமாட்டாள். விரல் பட்டதும் வெள்ளை இறாலா, வரி இறாலா என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை இடி இடித்து எல்லோரும் கரைக்கு ஓடிவிட்டார்கள். இவள் மட்டும் நடு ஏரியில் குனிந்தபடி இருந்தாள். அண்ணன் கழியூன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு போய்த் தோளைப் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது.

"இடி கேக்கலியா ஒனக்கு?"

"இடிச்சிச்சா?" என்று கேட்டாளாம்.

அவள் மகளுக்கு நான்கு வயதிருக்கும்போது நடந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. பழவேற்காட்டுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாள், பள்ளியில் சேர்க்கப் போட்டோ எடுக்க. திரும்பும்போது படகுத்துறையில் யாரோ ஒரு சிநேகிதியைப் பார்த்திருக்கிறாள். பேசிக்கொண்டே படகேறியிருக்கிறாள். இந்தக் கரையில் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தாள். அன்று நான் லீவில் வீட்டில் இருந்தேன். வாசலில் அம்மா கேட்டாள்:

"புள்ள எங்கடி?"

அண்ணி தன் வலது கையைப் பார்த்தாள். கையில் கத்தரிக்காய்ப் பை இருந்தது.

அவள் போட்ட சத்தத்தை நான் வேறு எந்தத் தொண்டையிலிருந்தும் கேட்டதில்லை, ஆஸ்பத்திரியில்கூட. துறைக்கு ஓடினாள். படகுக்குக் காத்திருக்காமல் தண்ணீரில் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாள். இரண்டு பேர் இழுத்துப் பிடித்தார்கள். அண்ணன்தான் படகை எடுத்துக்கொண்டு போனான். குழந்தை துறைப் பக்கம் கருவாடு விற்கும் ஒரு அம்மாவின் மடியில் பன் தின்றுகொண்டிருந்தாளாம். ஒரு கீறல்கூட இல்லை. கரையில் இறங்கியதும் குழந்தையை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஊர் பார்க்க அண்ணியை அறைந்தான் அண்ணன். அதற்கு முன்னால் அவன் அவள்மேல் கைநீட்டியவன் இல்லை.

அடுத்த நாளிலிருந்து அண்ணி தன் முந்தானையைக் குழந்தையின் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டாள். அடுப்படியில், குழாயடியில், கடையில், எங்கே போனாலும் கட்டித்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். குழந்தை முதலில் விளையாட்டு என்று நினைத்தாள், பிறகு அழுதாள். அடுத்த விடுமுறையில் போன நான் அந்த மணிக்கட்டில் சிவந்த தடத்தைப் பார்த்தேன்.

"இன்னா அண்ணி இது?"

"என்ன நான் நம்பலம்மே" என்றாள். "முடிச்சத்தான் நம்பறேன்."

எங்கள் மருத்துவமனைக்கு இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பெற்றோர் கூட்டிவருவதுண்டு. ஏ.டி.எச்.டி. என்பார்கள். கவனம் ஓரிடத்தில் நிற்காது. கை கால் சும்மா இருக்காது. அந்தப் படிவங்களை எடுத்துக் கொடுக்கும்போது அண்ணியின் முகம்தான் வரும். பெரியவர்களுக்கும் இது உண்டா என்று ஒருநாள் மேடத்திடம் கேட்டேன். "சின்ன வயசுல இருந்தே இருந்திருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. கூட்டிட்டு வாங்க" என்றார்.

மூன்று முறை வர வேண்டியிருந்தது. முதல் நாள் பேச்சு. தலைக்குள் எப்படி இருக்கும் என்று மேடம் கேட்டார். அண்ணி கொஞ்ச நேரம் மேஜையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"மீன் ஏலம் வுடற எடத்துல நின்னுக்கீறீங்களா மேடம்? எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்கோ. அதுல யாரோ என் பேரச் சொல்லிக் கூப்புடறாங்கோ. யாருனு திரும்பறதுக்குள்ள இன்னொருத்தர் கூப்புடறாங்கோ. டெய்லி அப்டித்தான். தண்ணில கைய வெச்சா மட்டும் ஏலம் நின்னுபோவுது."

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

இரண்டாம் முறை ரத்தப் பரிசோதனை, தைராய்டு இருக்கிறதா என்று. தூக்கமின்மை, மனச்சோர்வு பற்றியெல்லாம் கேள்விகள். பிறகு புதிர்கள், கட்டை அடுக்குதல், எண்களைத் திருப்பிச் சொல்லுதல். கடைசியாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். திரையில் ஒரு குறி வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும், வேறு குறி வந்தால் அமுக்கக் கூடாது. இருபது நிமிடம். வெளியே வந்தபோது ரவிக்கை முதுகு நனைந்திருந்தது. "கூடாதுனு சொன்னதையும் அமுத்திட்டேன் போலகீது. மெசினு கெட்டுப் போயிருக்குமா?" என்று என்னைக் கேட்டாள்.

மூன்றாம் முறை, சிறுவயதில் அவளை அறிந்த ஒருவர் வர வேண்டும் என்றார்கள். அவள் நைனா வந்தார். ஏரிக்கு மேற்குக் கரையில் ஒரு குப்பத்திலிருந்து வந்தவர், தோளில் துண்டோடு, அந்தக் கண்ணாடி அறையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்.

"பள்ளிக்கூடத்துல எப்படி இருந்தாங்க?"

"புத்தி இருந்திச்சி மேடம். நிக்கல. வாத்தியாரு பெஞ்சி கால்ல கட்டிப் போட்டாரு. நான் வூட்டுல கட்டிப் போட்டேன். அடிச்சிப் பாத்தோம், சூடு வெச்சிப் பாத்தோம். எட்டாவதோட நிறுத்திட்டோம்." சற்று நிறுத்தி, "தப்புங்களா?" என்றார்.

அண்ணி தன் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் தலை நிமிரவேயில்லை.

அன்று மதியம் முடிவைச் சொன்னார் மேடம். பெயரைச் சொன்னார். இது மூளை வளரும்போதே வருவது, வளர்ப்பினாலோ குணத்தினாலோ வருவதில்லை என்றார். மாத்திரை உண்டு, பழக வேண்டிய சில முறைகள் உண்டு, முழுக்கப் போய்விடாது, ஆனால் சமாளிக்கலாம் என்றார்.

"அப்போ இது திமிர் இல்லியா மேடம்?"

"இல்லைம்மா."

"சோம்பேறித்தனம்?"

"இல்லை."

அண்ணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு வேறு குரலில் கேட்டாள். "புள்ளய நான் வெச்சிக்கலாமா?"

"தாராளமா வெச்சுக்கலாம். அதையும் எழுதித் தர்றேன்."

ஆங்கிலத்தில் மூன்று தாள் எழுதித் தந்தார். பொன்னேரிவரை நானும் ரயிலில் கூடப் போனேன்; வழியெல்லாம் அண்ணி அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பத் தமிழில் சொல்லச் சொன்னாள்: வளர்ப்பினாலோ குணத்தினாலோ அல்ல. இன்னொருத்தியாக இருந்தால் தாளைப் பெட்டிக்குள் பூட்டியிருப்பாள். யாரிடமும் காட்டாதே என்று நானும் சொல்லித்தான் அனுப்பினேன். அண்ணியால் அடக்க முடியுமா? படகிலேயே காட்டிவிட்டாள். குழாயடியில் காட்டினாள். "பாருங்கோ, டாக்டருங்களே எழுதிக் குடுத்துக்கீறாங்கோ. நான் வோணும்னு பண்ணலயாம்."

ஊர் வேறு மாதிரிப் படித்தது. டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார், அவளுக்கு மூளை சரியில்லை.

ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். அந்த மாதம் சோறு கருகவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துவிட்டிருந்தாள். போனில் என்னிடம் ஒரு சேதியை முழுக்கச் சொல்லி முடித்தாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுத்த மாத மாத்திரை வாங்கச் சென்னைக்குப் புறப்பட்டபோது அம்மா பையைப் பிடுங்கினாள். பைத்திய மாத்திரை தின்கிறவள் கையில் என் பேத்தியை விடமாட்டேன் என்றாள். அண்ணன் தடுக்கவில்லை. அவன் எப்போதும் பேசாதவன். அந்த வாரமே ஊர்ப் பெரியவர்களிடம் விஷயம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ஊர் மண்டபத்தில் பெரியவர்கள் ஐந்து பேர். ஒரு பக்கம் அண்ணன், அம்மா. எதிரே அண்ணியும் அவள் நைனாவும். தாளில் இருப்பதைத் தமிழில் படித்துச் சொல்ல என்னை வரவழைத்திருந்தார்கள். அம்மா காலையிலேயே என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அன்னிக்கு அந்தக் கருவாட்டுக்காரி இல்லன்னா இன்னிக்கு நமக்குப் புள்ள ஏது?"

நான் படித்தேன். முதல் தாளில் பெயர், வயது, செய்த சோதனைகள். இரண்டாம் தாளில் முடிவு. அதில் ‘டிஸார்டர்’ என்றிருந்தது. நான் ‘கோளாறு’ என்றேன். மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்ட கோளாறு. ‘குறை’ என்று சொல்லியிருக்கலாம், ‘தடுமாற்றம்’ என்று சொல்லியிருக்கலாம். மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. "மூளக் கோளாறா!" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அண்ணி எழுந்துவிட்டாள். "அது மட்டும் இல்ல! புள்ளய வளக்கலாம்னு மேடம் சொன்னாங்கோ. எழுதியும் குடுத்தாங்கோ. சொல்லும்மே!"

மூத்த பெரியவர் என் பக்கம் திரும்பினார். "அப்டி எதுனா எழுதிக்கீதாம்மா?"

மூன்றாம் தாள் என் கையில் இருந்தது. அறிவுத்திறன் சராசரிக்கு மேல் என்று அதில் இருந்தது. மகளோடு ஆழமான பிணைப்பு உள்ளவர், சிகிச்சையும் குடும்பத்தின் துணையும் இருந்தால் குழந்தையை வளர்க்க இது தடையே அல்ல என்று இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தையையும் பார்த்தேன்.

"அவ்ளோதான்" என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. மேடம் எழுத மறந்துவிட்டார் என்று நினைத்திருப்பாள். மறதி அவளுக்குப் புதிதா என்ன?

சரியாகும்வரை அவள் தாய்வீட்டில் இருக்கட்டும், குழந்தை இங்கே இருக்கட்டும் என்று தீர்ப்பானது. இது முழுக்கச் சரியாகிற விஷயம் இல்லை என்று மேடம் சொன்னது எனக்குத் தெரியும். அதையும் நான் சொல்லவில்லை. அவள் நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அண்ணி போகும்போது என் கையிலிருந்த மூன்று தாளையும் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதலில் வாரம் ஒருமுறை பள்ளி வாசலில் வந்து நின்றாள். சில வாரம் கிழமை தப்பி வந்துவிடுவாள். பள்ளி பூட்டியிருக்கும், வாசலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள் என்று சொன்னார்கள். உன் அம்மாவுக்குப் பைத்தியம் என்று மற்றப் பிள்ளைகள் சொல்லச் சொல்லக் குழந்தை அவளைக் கண்டால் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தாள். அடுத்த வருஷம் அண்ணனுக்கு வேறு கல்யாணம் செய்துவைத்தார்கள். வந்தவள் நல்லவள். சோறு கருகுவதில்லை. குழந்தை அவளை அம்மா என்று கூப்பிடுகிறாள். எனக்கும் கல்யாணமாகிச் சென்னையிலேயே இருந்துவிட்டேன். அந்த மேடத்தை வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் வேறு வழியாகப் போவேன். "உங்க அண்ணி எப்படி இருக்காங்க?" என்று ஒருமுறை பிடித்துக் கேட்டுவிட்டார். "நல்லா இருக்காங்க மேடம்" என்றேன்.

நான்கு வருஷம் கழித்துப் பொன்னேரி ரயில் நிலையத்தில் அண்ணியைப் பார்த்தேன். அவள்தான் முதலில் பார்த்தாள். "ம்மே!" என்று நடைமேடை அதிரக் கத்திக்கொண்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இளைத்திருந்தாள். முன்தலை நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் பாத்திரம் கழுவுகிறாளாம். சமையலுக்குத்தான் சேர்த்தார்களாம், இரண்டு நாளில் மாற்றிவிட்டார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தாள். ஏரிப் பக்கம் போவதேயில்லை என்றாள்.

"புள்ள எப்டி கீறா?"

"நல்லா படிக்கிறா அண்ணி."

"என்ன மாறி இல்லியே?"

"இல்ல."

"அது போதும்" என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். விடுதியில் கல்லூரிப் பெண் ஒருத்தி அந்த மூன்று தாளையும் அவளுக்குப் படித்துக் காட்டினாளாம். அந்தப் பெண் சொல்லித்தான் கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலைப் பார்த்தாளாம். ஒரு தேதி சொல்லி வரச்சொல்லியிருக்கிறார். இவள் வேறு தேதியில் போனாள். மறுபடி சொன்னார், மறுபடி தப்பினாள். மூன்றாம் முறை போக வெட்கமாக இருந்ததாம்.

"கடைசித் தாள்ல எழுதிக்கீதும்மே" என்றாள். "மேடம் மறக்கல. எழுதித்தான் குடுத்துக்கீறாங்கோ."

ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என் கன்னத்தைத் தடவினாள்.

"வுடும்மே. மூஞ்ச ஏன் இப்டி வெச்சிக்கினு கீற? அன்னிக்கு அவ்ளோ ஜனம். எல்லாரும் கத்திக்கினு இருந்தாங்கோ. ஒனக்கு கண்ணுல படல. கண்ணு முன்னாலயே இருக்கும், நமக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதா அது எப்டினு?"

ரயில் வந்து நின்றது.

"ஆமா அண்ணி" என்றேன். "கண்ணுல படல."